பல் மருத்துவத்தில் மரப்பூசியின் வரலாறு

பல் மருத்துவத்தில் வலி நீக்கத்தின் வரலாறு பெரும்பாலும் 1840களின் மயக்க வாயுக்களில் தொடங்கி இன்றைய ஊசி மருந்து வரை செல்லும் ஒரே நேர்க்கோடாகவே சொல்லப்படுகிறது. நெருங்கிப் பார்த்தால் அது இரண்டு வேறு பாதைகளின் வரலாறு. நோயாளியை முற்றிலும் நினைவிழக்கச் செய்து பல்லைப் பிடுங்குவது ஒரு பாதை. நோயாளி விழித்திருக்க, மருத்துவர் சொல்வதைக் கேட்டு வாயைத் திறக்கவும் மூடவும் செய்ய, பல்லும் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் மட்டும் உணர்விழப்பது மற்றொரு பாதை. முதல் பாதை பற்கள் பிடுங்கப்படுவதைப் பெருக்கியது. பற்களைக் காக்கும் மருத்துவம் வளர்ந்தது இரண்டாம் பாதையில்தான். ‘மரத்துப்போதல்’ என்று தமிழில் வழங்கும் சொல் இந்த இரண்டாம் நிலையை மிகத் துல்லியமாகக் குறிக்கிறது, ஏனெனில் கால் மரத்துப்போனவர் உறங்கிவிடுவதில்லை. ஆகவே நினைவை நீக்கும் மருந்தை மயக்க மருந்து என்றும், ஊசி செலுத்திய இடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யும் மருந்தை மரப்பு மருந்து என்றும் இங்கே பிரித்துக்கொள்வது பொருந்தும்.

பல்வலியின் கொடுமைக்குப் பல்லின் அமைப்பே காரணம். பல்லின் உட்குழியில் நரம்பிழைகளும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்திசு இருக்கிறது. பற்கூழ் எனப்படும் அது, உடலின் பிற திசுக்களைப் போலவே அழற்சி கண்டதும் வீங்க முயல்கிறது. நான்கு புறமும் கடினச் சுவர் சூழ்ந்திருப்பதால் வீங்க இடமின்றி உள்ளேயே அழுத்தம் ஏறி, அந்த அழுத்தம் நரம்பைத் தாக்குகிறது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துச் சொத்தைக் குழியில் வைப்பதும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அக்கரகார வேரை மென்று அடக்கிக்கொள்வதும் தமிழ் வீடுகள் நெடுங்காலமாக அறிந்த கைவைத்தியங்கள். கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பின் உணர்வை உண்மையிலேயே தணிக்கிறது. அக்கரகாரம் நாவைச் சுறுசுறுவென்று குத்திப் பின்னர் மரக்கச் செய்கிறது. ஆனால் இவை தொட்ட பரப்போடு நின்றுவிடுபவை. எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரைப் பிடுங்கும்போதோ உயிருள்ள பற்கூழைத் தோண்டும்போதோ இவற்றால் பயனில்லை. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற விரும்பிய 19ஆம் நூற்றாண்டு மருத்துவருக்கு இருந்த வழி இன்று நினைத்தாலும் நடுங்க வைப்பது. அமெரிக்கரான ஷியர்ஜஷப் ஸ்பூனர் 1836இல் வெளியிட்ட முறைப்படி, ஆர்சனிக் நஞ்சைப் பல்லின் குழிக்குள் வைத்து, நரம்பு செத்தபின் அதை அகற்றினார்கள். அந்த நஞ்சு குழியிலிருந்து கசிந்தால் ஈறும் தாடை எலும்பும் அழுகின.

மயக்க மருந்தின் பிறப்பில் பல் மருத்துவர்கள் முன்நின்றது தற்செயலன்று. ஒரே நாளில் பலமுறை மனிதரின் கடும் வலியைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்களே. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தொழில் செய்த ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 10 அன்று கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் நடத்திய சிரிப்பு வாயுக் காட்சியைக் காணச் சென்றார். நைட்ரஸ் ஆக்சைடு எனப்படும் அந்த வாயுவை உள்ளிழுத்த ஓர் இளைஞர் காலில் அடிபட்டும் வலியை உணராதிருந்ததை அவர் கவனித்தார். மறுநாளே கோல்ட்டனிடம் வாயுவைப் பெற்றுத் தாமே உள்ளிழுத்து, தொழில் தோழர் ஜான் ரிக்ஸைக் கொண்டு தம் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன் அவர் அதைச் செய்துகாட்டியபோது நோயாளி முனகிவிட்டதால் ஏமாற்றுக்காரர் என்று இகழப்பட்டார். ஒருகாலத்தில் அவருடைய கூட்டாளியாக இருந்த வில்லியம் மார்ட்டன் 1846 செப்டம்பர் 30 அன்று ஈதரைக் கொண்டு ஒரு பல்லை வலியின்றிப் பிடுங்கி, அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் ஈதர் மயக்கத்தைச் செய்துகாட்டி உலகப் புகழ் பெற்றார். வெல்ஸோ குளோரோஃபாமைத் தம் உடலிலேயே சோதித்துச் சோதித்து மனநிலை குலைந்து, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அறிவியல் வரலாற்றின் நீதியற்ற முடிவுகளுள் இது ஒன்று.

மார்ட்டன் ஏன் வலியற்ற வழியைத் தேடினார் என்பது பலரும் கடந்துபோகும் செய்தி. அவர் செய்துகொடுத்த தங்கத் தகட்டுப் பல்செட்டைப் பொருத்த, தாடையில் எஞ்சிய பழைய வேர்களையெல்லாம் முதலில் பிடுங்கியாக வேண்டியிருந்தது; அந்த வலிக்கு அஞ்சியவர்கள் வராமல் நின்றுவிட்டனர். மயக்க மருந்து அந்த அச்சத்தை நீக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில், கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய ரப்பர் தங்கத்தின் இடத்தைப் பிடித்ததால் பல்செட்டின் விலையும் இறங்கியது. 1863 முதல் கோல்ட்டன் மீண்டும் சிரிப்பு வாயுவோடு களமிறங்கிப் பல் பிடுங்குவதற்கென்றே நிலையங்கள் நடத்தினார். வலியும் இல்லை, பல்செட்டும் மலிவு என்ற நிலையில், காப்பாற்றக்கூடிய பற்களும் பெருமளவில் பிடுங்கப்பட்டன. வலி நீங்கியது மக்களுக்குப் பேறு என்பதில் ஐயமில்லை; ஆயினும் அந்தப் பேறு முதலில் பற்களின் அழிவாகவே வந்து சேர்ந்தது.

மயக்கத்தில் ஆழ்த்தியபின் பல்லைப் பிடுங்க முடிந்ததே தவிர, அதைச் செப்பனிட முடியவில்லை. பல் மருத்துவர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சு விடும் வாசலும் ஒன்றே. நினைவிழந்தவர் இருமவோ விழுங்கவோ இயலாதபோது இரத்தமும் உமிழ்நீரும் பல் சில்லும் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தவருக்குக் குளோரோஃபாம் கொடுத்தபோது இதயம் நின்று இறந்த நிகழ்வுகளும் உண்டு. சிரிப்பு வாயு ஒப்பீட்டளவில் தீங்கற்றது. ஆனால் ஆக்சிஜன் கலக்காமல் கொடுக்கப்பட்ட அந்நாளில், முகமூடியை எடுத்தபின் மருத்துவருக்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. குறட்டால் ஒரு பல்லை எடுக்க அது போதும். சொத்தையைச் சுரண்டித் துப்புரவாக்கி அடைக்கப் போதாது.

இரண்டாம் பாதை தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வளரும் கோகா இலையிலிருந்து தொடங்கியது. அம்மலை மக்கள் தலைமுறைகளாக மென்றுவந்த அந்த இலையின் வீரியப் பொருளை 1860இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் பிரித்தெடுத்துக் கோகெயின் என்று பெயரிட்டார். நாவில் வைத்தால் அது மரத்துப்போவதையும் குறித்துவைத்தார். இந்தக் குறிப்பு மருத்துவப் பயனாக மாற கால் நூற்றாண்டு ஆயிற்று. வியன்னாவில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் கோலர், கோகெயினின் பிற விளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த சிக்மண்ட் ஃபிராய்டு வழியாக அதை அறிந்து, தவளையின் கண்ணிலும் பின்னர்த் தம் கண்ணிலும் அதன் கரைசலைச் சொட்டி, குண்டூசியின் தலையால் கண்மணியைத் தொட்டுச் சோதித்தார். வலியில்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. பயணச் செலவுக்குப் பணமில்லாததால் கோலர் செல்லவில்லை, வேறொருவரே வாசித்தார்.

கண்ணுக்குக் கிடைத்தது சில வாரங்களிலேயே பல்லுக்கும் கிடைத்தது. நியூயார்க்கின் அறுவை மருத்துவர்களான வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்ட் ஹால் ஆகிய இருவரும் மருந்தைப் பரப்பில் சொட்டுவதற்கு மாறாக, உட்குழல் கொண்ட ஊசியால் நரம்பின் அருகிலேயே செலுத்தினர். உணர்வு மூளைக்குச் செல்லும் வழியிலேயே தடுக்கப்படுவதால் இது நரம்புத் தடுப்பு எனப்படுகிறது. கண்ணுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளிப்படும் நரம்பில் மருந்தைப் பெற்றுக்கொண்டு ஹால் தம் மேல் முன்பல் ஒன்றை வலியின்றி அடைத்துக்கொண்டார். கீழ்த்தாடை நரம்பைத் தடுத்ததோடு சேர்த்து அந்தச் செய்தி 1884 டிசம்பரில் அச்சேறியது.

இந்த முறை ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தாடையின் அமைப்பு விடை சொல்கிறது. மேல்தாடை எலும்பின் வெளிச்சுவர் மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் வேருக்கு நேராக ஈற்றில் செலுத்திய மருந்து எலும்பினூடே ஊறி வேர் நுனியை அடைந்துவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ தடித்தது. மருந்து அதில் எளிதில் ஊறாது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும். காதுக்கு முன்னே மேலெழும் தாடைக் கிளையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறு துளை வழியாக அந்நரம்பு நுழைகிறது; கண்ணுக்குத் தெரியாத அத்துளையை நோக்கி, வாயின் உட்புறத் தசை மடிப்பையும் எதிர்ப்புறப் பற்களையும் அடையாளமாகக் கொண்டு, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊசி செல்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஊசி போட்டால் உதட்டின் பாதி தடித்ததுபோல் தோன்றுவது, அதே நரம்பின் ஒரு கிளை உதட்டுக்கும் செல்வதால்தான். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் ஊர்களில் இன்றும் நிலவும் அச்சத்துக்கும் இங்கேயே பதில் உண்டு. முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் மூன்று கிளைகளாகப் பிரிந்து ஏந்திச் செல்லும் முக்கிளை நரம்பே பற்களுக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும் உரியது. பார்வையை ஏந்துவது முற்றிலும் வேறான நரம்பு. வலி ஒன்றிலிருந்து மற்றதன் பக்கம் பரவித் தெரிவது உண்மை. பார்வைக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை.

நரம்புத் தடுப்பு பற்றிய இந்த அறிவுக்கு ஹால்ஸ்டெட்டும் ஹாலும் கொடுத்த விலை பெரிது. தம் உடலிலேயே மீண்டும் மீண்டும் ஊசி செலுத்திச் சோதித்ததில் இருவருமே கோகெயினுக்கு அடிமையாயினர். ஹால் நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குச் சென்று 1897இல் மறைந்தார். ஹால்ஸ்டெட் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தம் காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவராக விளங்கியபோதும், கோகெயினிலிருந்து மீட்க அவருக்குக் கொடுக்கப்பட்ட மார்ஃபினை ஆயுள் முழுதும் விட முடியவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1922இல் அவருக்குப் பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் அவர் இறந்தார். நோயாளிகளும் தப்பவில்லை. வீரியமிக்க கரைசல்களைத் தாராளமாகச் செலுத்திய பல் மருத்துவர்களின் கையில் நெஞ்சு படபடப்பும் வலிப்பும், சில வேளைகளில் மரணமும் நேர்ந்தன.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள் தேவைப்பட்டன: மருந்தின் அளவைக் குறைப்பதும் மருந்தையே மாற்றுவதும். ஜப்பானிய வேதியியலாளர் ஜோக்கிச்சி தக்கமினே 1901இல் அறிவித்த அட்ரினலின், சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியிலிருந்து பெறப்படுவது; இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹைன்ரிக் பிரவுன் 1903இல் அதை மரப்பு மருந்தோடு கலந்தார். குழாய்கள் சுருங்கியதால் மருந்து இரத்தத்தில் கலந்தோடாமல் செலுத்திய இடத்திலேயே தங்கியது. குறைந்த அளவே நீண்ட நேரம் போதுமானதாயிற்று. இரத்தக் கசிவும் குறைந்தது. கையையோ காலையோ கயிற்றால் கட்டி இரத்தத்தை நிறுத்தும் பழைய வேலையை ஒரு துளி மருந்து செய்தது. அடுத்து, மியூனிக் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெயின், நோவோகெயின் என்ற வணிகப் பெயரோடு 1905இல் பிரவுன் வழியாகவே மருத்துவத்துக்குள் வந்தது. தனியாகச் செலுத்தினால் விரைவில் கரைந்துபோகும் இது, அட்ரினலினோடு சேர்ந்தபோது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. அடிமைப்படுத்தும் இயல்பும் இதற்கில்லை. மார்பர்க் பல்கலைக்கழகத்தின் கைடோ ஃபிஷர் இதைப் பல் மருத்துவர்களுக்கென்று முறைப்படுத்தி நூலாக்கினார். அமெரிக்காவிலும் அவர் நேரில் கற்பித்தார். அமெரிக்காவில் இன்றும் பல் மரப்பு மருந்து எதுவாயினும் மக்கள் பலர் நோவோகெயின் என்றே அழைப்பது அந்த ஆட்சியின் எச்சம்.

மருந்து நல்லதாயினும் அதைச் செலுத்தும் முறை நெடுங்காலம் பழுதாகவே இருந்தது. மாத்திரையைக் கொதித்தாறிய உப்பு நீரில் கரைத்து, நோயாளிக்கு நோயாளி புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஊசிகள் கல்லில் தீட்டப்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்பட்டன, சில தாடைக்குள்ளேயே முறிந்தன. முதல் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்க இராணுவ மருத்துவரான ஹார்வி குக் துப்பாக்கித் தோட்டாவைக் கண்டு ஒரு வழி கண்டார். தோட்டாவில் வெடிமருந்தும் குண்டும் அளந்து அடைக்கப்பட்டிருப்பதுபோல, கண்ணாடிக் குழாயை வெட்டி அதில் கரைசலை நிரப்பி, பென்சில் அழிப்பானில் செய்த ரப்பர்த் தக்கையால் மூடினார். பின்புறத் தக்கையைத் தள்ளினால் மருந்து முன்புற ஊசி வழியே வெளியேறும். பெரும்பாலும் 1.8 மில்லிலிட்டர் கொண்ட கண்ணாடிக் குப்பியாக இன்று உலகெங்கும் வழங்குவது அந்த எண்ணத்தின் வாரிசே. இந்தியாவில் அதன் வரவு ஓரளவே. 30 மில்லிலிட்டர் புட்டியிலிருந்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சில் உறிஞ்சிச் செலுத்தும் வழக்கமே இங்குப் பரவலாக நிலைத்தது, அதற்கு விலையே முதற்காரணம்.

புரோகெயினின் இடத்தைப் பிடித்த மருந்து பார்லிப் பயிரிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கும். ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் ஃபான் ஆய்லரின் ஆய்வகத்தில், பார்லியில் காணப்படும் கிராமின் என்னும் பொருளின் அமைப்பை 1930களில் ஆராய்ந்த ஹோல்கர் எர்ட்மன், அதைச் செயற்கையாக உருவாக்க முயன்றபோது சற்று மாறுபட்ட வேறொரு சேர்மம் கிடைத்தது. அக்கால வேதியியலாளர் வழக்கப்படி சுவைத்துப் பார்க்க, உதடும் நாவும் மரத்தன. இந்தத் தடத்தைத் தொடர்ந்து நீல்ஸ் லோஃப்கிரென் பல சேர்மங்களை உருவாக்கி, 1943இல் இன்று இந்தியாவில் லிக்னோகெயின் என்றும் பிற நாடுகளில் லிடோகெயின் என்றும் வழங்கும் மருந்தை அடைந்தார். அவருடைய இளம் உதவியாளர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் விரல் நரம்புகளில் செலுத்திச் சோதித்தார். வெல்ஸ், கோலர், ஹால் என்ற வரிசையில் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிய இன்னொருவர் அவர். அஸ்ட்ரா நிறுவனம் 1948இல் அதைச் சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகமாகவும் ஆழமாகவும் மரக்கச் செய்த அது, உடலில் சிதையும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருளை உண்டாக்கும் புரோகெயினின் குறையினின்றும் பெரிதும் நீங்கியிருந்தது. எத்தனை நிமிடத்தில் மரக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மின்தூண்டல் கொண்டு பல்லிலேயே அளந்து ஒப்பிட்ட ஸ்வீடனின் ஹில்டிங் பியோர்னின் ஆய்வுகள், மருத்துவரின் அனுபவத்தோடு நின்றிருந்த இத்துறைக்கு அளவுகோலைத் தந்தன.

பல் மருத்துவத்தின் முகம் மாறியது இதன் பின்னரே. 1957இல் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றாலியங்கும் அதிவேகத் துளைகருவி பல்லை நிமிடங்களில் வடிவமைக்க உதவியது. லிக்னோகெயின் இல்லாமல் உயிருள்ள பல்லில் அக்கருவியின் வேகத்தைப் பெரும்பாலோர் தாங்கியிருக்க முடியாது. ஆர்சனிக்கை வைத்து நாட்கணக்கில் காத்திருந்த இடத்தில், உயிருள்ள பற்கூழையே அந்த அமர்விலேயே அகற்றி வேரின் கால்வாயை நிரப்பும் வேர்ச்சிகிச்சை வழக்கமாயிற்று. பிடுங்கிப் பல்செட் பொருத்துவதை விதியாக ஏற்ற தலைமுறைகளுக்குப் பின், தம் பற்களோடு முதுமையை அடையும் தலைமுறைகள் உருவானதற்கு இந்த மருந்தும் ஒரு பெருங்காரணம். ஆனால் கட்டணம் கொடுக்க இயலாதவருக்கு இப்பேறு இன்னும் பாதியே எட்டியிருக்கிறது, பிடுங்குவதற்கு ஊசி கிடைக்கிறது, காப்பதற்குக் கிடைப்பதில்லை.

பிந்தைய மாற்றங்கள் பெரும்பாலும் நுணுக்கம் சார்ந்தவை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி 1959இல் சந்தைக்கு வந்தது. கீழ்த்தாடை நரம்பைத் தடுக்கும் பழைய வழி கணிசமான விகிதத்தில் தவறுவதால், ஆஸ்திரேலியரான ஜார்ஜ் கவ்-கேட்ஸ் 1973இல் ஊசியைச் சற்று உயரே செலுத்தும் வழியையும், நைஜீரியரான அக்கினோசி 1977இல் வாய் திறக்க இயலாதவருக்கு மூடிய வாயிலேயே செலுத்தும் வழியையும் தந்தனர். ஜெர்மனியில் 1976 முதல் வழங்கிவரும் ஆர்ட்டிகெயின் எலும்பினுள் நன்றாக ஊறுவதாலும், இரத்தத்தில் விரைந்து சிதைந்துவிடுவதாலும் கீழ்த்தாடைக்கும் பலர் விரும்பும் மருந்தாயிற்று. ஆனால் நரம்புத் தடுப்பாகச் செலுத்தியபோது உதடு, நாக்கு உணர்விழப்பு நீடித்த நிகழ்வுகளின் விகிதம் கூடியிருப்பதாகக் கனடாவின் ஒன்டாரியோவில் 1995இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பல் இம்மருந்துகளை எதிர்த்து நிற்கிறது. அது அழற்சி கண்ட கீழ்க் கடைவாய்ப்பல்; நோயாளி இரவெல்லாம் உறங்காமல் மறுநாள் மருத்துவரை நாடி வருவதற்குக் காரணமான அதே பல். மரப்பு மருந்து நரம்பிழையின் உறையைக் கடந்து உள்ளே சென்று, மின்துடிப்பை ஏந்தும் சோடியம் அயனிகளின் வாயில்களை உட்புறத்திலிருந்து அடைக்கிறது. உறையைக் கடக்க வல்லது மின்னூட்டமற்ற மூலக்கூறு மட்டுமே. உடலின் இயல்பான காரத்தன்மையில் லிக்னோகெயினில் நான்கில் ஒரு பங்கு அந்நிலையில் இருக்கும். அழற்சியால் திசு அமிலமாகி, அமில-கார நிலையைக் குறிக்கும் அதன் pH அளவெண் 7.4இலிருந்து 6க்கு இறங்கினால் அப்பங்கு நூற்றுக்கு ஒன்று அளவுக்குச் சுருங்கிவிடும். அழற்சி நரம்பையே கூருணர்வுடையதாக்கி, மருந்துக்கு எளிதில் அடங்காத வாயில்களைப் பெருக்குவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. எலும்பைத் துளைத்து வேரருகே மருந்தைச் செலுத்துதல், பல்லின் வேரைப் பற்றிய நார்களுக்குள் அழுத்திச் செலுத்துதல், சோடியம் பைகார்பனேட்டைக் கலந்து மருந்தின் அமிலத்தை முறித்தல் என வழிகள் உண்டு. எதுவும் பயன்தராதபோது, பல் மருத்துவர் இன்றும் கடைசியாகத் திறந்த பற்கூழினுள்ளேயே ஊசியைச் செலுத்துகிறார். அந்த ஒரு கணம் நோயாளி தாங்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.